ஆறாம் பிரிவில் ஓர் எழுத்து

நாடாளுமன்றத்தின் கீழவையில் நான் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சபைத் தலைவரின் மேடைக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு சிறிய மேசை உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதைக் குறிப்பெடுப்போம். பிறகு அறைக்குப் போய்த் தட்டச்சு செய்து, அடியில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுப்போம். சபையில் யார் என்ன சொன்னார், எது நிறைவேறியது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரை நிலச் சட்டம் பிரிவு பிரிவாக வாக்கெடுப்புக்கு வந்தது. ஆறாம் பிரிவில்தான் சண்டையே. கரையோர அரசு நிலத்தை விற்பதற்கு 'ஊர்ச் சபை அல்லது அமைச்சகம்' ஒப்புதல் தர வேண்டும் என்று குழுவிலிருந்து வந்த வரைவு சொன்னது. அப்படியானால் ஊர்க்காரர்களைக் கேட்காமலே அமைச்சகம் விற்றுவிடலாம். அர்செனியோ பெனேகாஸ் என்ற உறுப்பினர் எழுந்து, 'ஊர்ச் சபையும் அமைச்சகமும்' என்று திருத்தம் கொண்டுவந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினார். நாற்பத்தொன்றுக்கு முப்பத்தேழு என்று திருத்தம் நிறைவேறியது. சபையில் நாங்கள் எழுதும் ஸ்பானிய மொழியில் 'உம்' என்பதற்கும் ஓர் எழுத்துதான், 'அல்லது' என்பதற்கும் ஓர் எழுத்துதான்.

யுக்கெரித் துறையிலிருந்து ஐந்து பேருந்துகளில் வந்திருந்த மீனவர்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து கைதட்டினார்கள். அவர்களில் தெயோஃபிலா என்ற பெண் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"கீழ உக்காந்து எழுதிக்கிட்டிருந்தது நீதானம்மா? ரெண்டு பேரும் ஒத்துக்கணும்னுதானே எழுதின?"

"ஆமாக்கா, அப்படித்தான் எழுதினேன்."

"இதுக்கு முன்னாடி நாலு தடவ இதே படியில நின்னு சந்தோஷப்பட்டிருக்கோம். அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, துணியில் சுற்றிய இரண்டு சீப்பா ரொட்டிகளை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில், வியாழக்கிழமை மேலவையில் எடுத்துக்கொள்ளப்போகும் சட்டங்களின் அச்சுப் பிரதி எங்கள் அறைக்கு வந்தது. ஆறாம் பிரிவைப் பார்த்தேன். 'அல்லது' என்றிருந்தது. மேலவை அதை அப்படியே நிறைவேற்றினால் நேராக ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போய்விடும். கீழவைக்குத் திரும்பி வராது.

என் சந்தேகம் முதலில் கிரிஸ்பின் சராச்சோ மேல்தான் விழுந்தது. நிறைவேறிய சட்டத்தைச் சுத்தப் பிரதி எடுத்து மேலவைக்கு அனுப்பும் வாசகப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஜெனரலின் சர்வாதிகாரக் காலத்தில், உறுப்பினர்கள் கை தூக்குவதற்கு மட்டுமே வந்துபோன நாளிலிருந்து அங்கே இருப்பவர். மேசை இழுப்பறையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். எங்கள் ஊரில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தின் குவளை என்றால் அறையில் இருக்கும் எல்லோர் கைக்கும் சுற்றி வர வேண்டும். அவர் தனியாகவே குடிப்பார். போதாததற்கு, செவ்வாய் மாலை, அந்தக் கரை நிலத்தை வாங்கக் காத்திருந்த பண்ணை முதலாளிகளின் வக்கீலோடு அவர் நடைவழியில் நின்று பேசியதை நானே பார்த்திருந்தேன்.

அதனால் அவரிடம் போகாமல், நான் தட்டச்சு செய்த தாளைப் பார்க்க ஆவண அறைக்குப் போனேன். அதிலும் 'அல்லது' என்றே இருந்தது. அடியில் என் சுருக்கொப்பம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ரமோனா ஒவேலார் என்ற என் பெயருக்கு நான் போடும் 'O' எழுத்தின் தலை எப்போதும் திறந்திருக்கும். இதில் மூடியிருந்தது.

ஒலிநாடா இருக்கிறதே என்று கேட்டேன். அன்றைய நாடாவைப் பெனேகாஸின் அலுவலகம் வாங்கிப்போயிருப்பதாகப் பதிவேடு சொன்னது. எனக்கு உயிர் வந்தது. திருத்தம் கொண்டுவந்தவரே விஷயத்தைக் கண்டுபிடித்து ஆதாரம் சேர்க்கிறார் என்று நினைத்து, நேராக அவர் அறைக்குப் போனேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, சட்டத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டார். எந்த எழுத்து மாறியது, எங்கே மாறியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உன் குறிப்பு நோட்டு எங்க இருக்கு தங்கச்சி?"

"சாயங்காலமே கிழிச்சுப் போட்டுடுவோம் ஐயா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நோட்டு என் மடியில் கைப்பைக்குள் இருந்தது. அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன்.

"அப்ப சரி. வேற யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத. நான் பாத்துக்கறேன்," என்றார்.

வெளியே வந்தால் நடைவழியில் சராச்சோ நிற்கிறார். உள்ளே வா என்று தலையை மட்டும் ஆட்டினார். தம் அறைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, அந்தத் தாளின் நகலை என் முன்னால் வைத்தார்.

"இது உன் ஒப்பமா?"

"இல்ல."

"இல்லன்னு சொல்ல ஒரு நாள் ஆச்சு உனக்கு. இப்ப அவன் ரூம்லேர்ந்து வேற வர்ற."

சபையில் நிறைவேறியதும் தாளில் இருப்பதும் வேறு என்பதை அவரும் கவனித்துவிட்டு, என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. வக்கீலோடு அவருக்கு என்ன பேச்சு என்று திருப்பிக் கேட்டேன். சட்டம் மேலவைக்கு என்றைக்குப் போகும் என்று அந்த ஆள் விசாரித்ததாகவும், தாம் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மற்றது புரிந்தது. சுத்தப் பிரதியை அவருடைய ஆட்கள் என் தாளைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். தாள் அவர்களிடம் வருவதற்கு முன், தம் பேச்சைச் சரிபார்க்கவென்று பேசிய உறுப்பினரிடம் ஒரு மணி நேரம் போய் வரும். செவ்வாய் மாலை அது பெனேகாஸின் அலுவலகத்துக்குப் போயிருந்தது. மீனவர்களின் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு, பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற, என் தாளுக்குப் பதில் வேறு தாளை அடித்து வைக்க, அந்த ஒரு மணி நேரம் போதும்.

மேலவை வாக்கெடுப்புக்கு முன்னால் பிழைத் திருத்தக் கடிதம் கொடுக்க விதியில் இடம் உண்டு. வாசகப் பிரிவுத் தலைவர் கையெழுத்திட வேண்டும், சுருக்கெழுத்தாளர் தம் மூலக் குறிப்பைக் காட்ட வேண்டும். குறிப்பைக் கிழிக்கவில்லை என்று சொன்னேன். சராச்சோ கையை நீட்டினார்.

"குடு, நான் கொண்டு போறேன்."

"நானே கொண்டு வர்றேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல, கிரிஸ்பின் ஐயா."

"நல்லது. எனக்கும் உன்மேல இல்ல. ரெண்டு பேருமா போவோம்."

வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சதுக்கத்தைக் கடந்து மேலவைக்கு நடந்தோம். கடிதம் அவர் கையில், நோட்டு என் கையில். வழியில் செருப்புக் கடைக்காரர் ஒருவர் அவரைக் கூப்பிட்டுப் பேசியபோது நான் இரண்டடி தள்ளி நின்று காது கொடுத்தேன். நான் கழிப்பறைக்குப் போனபோது அவர் கதவுக்கு வெளியே நின்றார். வரவேற்பு மேசையில் முத்திரை வாங்கி, மணியையும் குறிக்கச் சொன்னோம்.

மேலவைச் செயலாளர் கடிதத்தை வாசித்ததும் கசமுசவென்று பேச்சு எழுந்தது. இந்தப் பெண்மணி இன்றைக்கு நினைத்ததை எழுதிக்கொண்டு வந்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயம்தான். மேலவையின் சுருக்கெழுத்தாளர் ஒருத்தியை அழைத்தார்கள். எனக்கு அவளை முன்பின் தெரியாது. நோட்டின் பக்கங்கள் வரிசை எண்ணோடு தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்த்தாள். பிறகு எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் பெனேகாஸின் திருத்தத்தை அவர் சொன்னபடியே வாசித்தாள். 'ஊர்ச் சபையும் அமைச்சகமும்.' இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

திருத்திய வாசகம் இருபத்தாறு வாக்குகளில் நிறைவேறியது. ஒன்பதாம் நாள் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அரசிதழ் வந்ததும் வாங்கி, நடைவழியிலேயே நின்று ஆறாம் பிரிவைப் படித்தேன். சரியாகவே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் பெனேகாஸ் எழுந்து, பிழையைத் தாமே முதலில் கவனித்ததாகவும், விழிப்பான ஊழியர்கள் தமக்கு உதவியதாகவும் பேசினார். அந்தப் பத்து நிமிடம் என் முறை. ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். ஒலிநாடா ஆவண அறைக்குத் திரும்பியது. அதில் பதினோரு நிமிடத்துக்கு வெறும் இரைச்சல். விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். மூன்று முறை கூட்டம் போட்டும் போதிய உறுப்பினர்கள் வராமல் கலைந்தது. என் ஒப்பத்தைப் போட்ட கை யாருடையது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று கடிதத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.