ஏழரையில் விடுபட்ட அரை

1

ஒரு பக்க அறிமுகம் எழுத உட்கார்ந்து கெட்டுப்போனதுதான் இந்தக் கதை. 'ஏழரை' குழுவின் புது ஆல்பத்தோடு மடித்து வைக்க ஜமால் கேட்டிருந்தார். "டிரம்மர் மாறியிருக்காருன்னு நாகரிகமா சொல்லிடு, போதும்" என்றார். பதினோரு தாள் கிழித்தேன். கிழித்ததில் ஒன்று:

'முப்பது ஆண்டுகளாகப் புதுச்சேரியில் இயங்கிவரும் ஏழரை குழுவிலிருந்து மூத்த டிரம்மர் இராமதாஸ் அன்போடு விடைபெற்றுக்கொள்ள, அவர் இடத்தில்'

அதற்கு மேல் கை ஓடவில்லை. இராமதாஸ் விடைபெறவில்லை. அவர்கள்தான் அனுப்பினார்கள்.

2

அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜமால் கிட்டார். நெல்லித்தோப்பில் அவருக்கு மெத்தைக் கடை. மாடியில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திவைத்து நடுவில்தான் ரிகர்சல். அக்கம்பக்கத்தில் யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை. இராமதாஸ் டிரம்ஸ், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜா பேஸ் கிட்டார். கீபோர்டு வாசித்துப் பாட இன்னொருவரும் உண்டு. நான் அவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(புரோகிரசிவ் ராக் கேட்காதவர்களுக்கு: ஒரு பாட்டு இருபது நிமிஷம் போகும். நடுவில் தாளம் மூன்று முறை மாறும். ஆடலாம் என்று எழுந்தவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள்.)

குழுவின் முதல் பாட்டு ஏழரை எண்ணிக்கையில் சுற்றும் தாளம். பெயரும் அதிலிருந்துதான் வந்தது. சனி பிடித்த பெயர் என்று ஜமால் வீட்டைத் தவிர எல்லார் வீட்டிலும் திட்டு விழுந்தது.

3

அந்தப் பாட்டில் மூன்று சுற்று எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். நாலாவது சுற்றின் கடைசி அரையில் மற்றவர்கள் நிறுத்திவிட, ஜமால் மட்டும் மெல்லிசாக ஒரு ஸ்வரத்தைத் தொடுவார். அது முடிந்த பிறகு டிரம்ஸ் விழ வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இராமதாஸ் அந்த அரையை விழுங்கத் தொடங்கினார். ஸ்வரம் ஒலிப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

யாரும் சொல்லவில்லை. முதல் தடவை மேடையில் நடந்தபோது ராஜா சட்டென்று அவரோடு சேர்ந்து தாவிவிட்டார். அடுத்த கச்சேரியில் மற்றவர்களும் தாவினார்கள். கடைசியில் ஜமால் அந்த ஸ்வரத்தை வாசிப்பதையே விட்டார். ஓர் இணைய இதழ் இதைக் கேட்டுவிட்டு, துணிச்சலான தடுமாற்றம் என்று பாராட்டி எழுதியது. அதைப் படித்த இராமதாஸ், "நாம எங்கடா தடுமாறினோம்?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பிறகு மற்றப் பாட்டுகளும் சரியத் தொடங்கின. ஆல்பம் என்று வந்ததும் ஜமால் பிள்ளைச்சாவடியில் இருந்த இராமதாஸ் வீட்டுக்குப் போய், வெளியிடுகிறவர்கள் இளசாக ஆள் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னார். "கேக்கத்தான் செய்வாங்க" என்று இராமதாஸ் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

4

புதிதாக வந்தவள் ஆஃப்ரின். இருபத்தாறு வயது. பிசகே இல்லாமல் வாசிப்பாள். முதல் நாள் அவள் ஏழரையை முழுதாக வாசித்ததும் மற்றவர்கள் எல்லாரும், இல்லாத படியில் கால் வைத்தவர்கள் மாதிரி, அரை முன்னால் போய் விழுந்தார்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில்.

தன் மேல்தான் தப்பு என்று அவள் நினைத்தாள். பழைய ரிகர்சல் பதிவுகளை வாங்கிப் போய்க் கேட்டாள். நாலாவது சுற்று ஒவ்வொன்றிலும் அரை குறைந்திருந்தது. இவ்வளவு ஒழுங்காகக் குறைகிறது என்றால் வேண்டுமென்றே செய்ததுதான் என்று முடிவுகட்டி, செய்தவரிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைச்சாவடிக்குப் போனாள்.

அவளிடமும் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

(பார்த்தீர்களா, 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போனேன், இருக்கட்டும். ராஜா என்று யாரும் இல்லை. பேஸ் வாசிப்பது நான். முதலில் தாவியதும் நான்தான். கதைக்குள் ஒரு ராஜாவை உட்காரவைத்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்தது.)

5

அங்கே நடந்ததை ஆஃப்ரின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இராமதாஸ் அண்ணன் கோபப்பட்டார். அவர் அப்படிப்பட்டவரில்லை, அதனால் அதைத் தூக்கிப்போட்டேன்.

அவருக்கு அவளைப் பார்த்ததில் சந்தோஷம். அவர் மனைவி கமலா அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஆஃப்ரின் நோட்டைத் திறந்து கேட்டாள்.

"சார், நாலாவது ரவுண்டுல அரைய விட்டுடறீங்களே, அத எப்படி யோசிச்சீங்க?"

"வுடறனா? இல்லியேம்மா. முழுசாத்தான் வாசிப்பேன்."

அவள் போனில் பதிவைப் போட்டாள். அவர் இடது காதில் வைத்துக் கேட்டார். வலது காதுக்கு மாற்றினார். மறுபடி இடதுக்கு வந்தார். மேசையில் விரலால் எண்ணிக்கொண்டே மூன்று தடவை கேட்டார். ஜமால் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் நின்றுதான் வாசிப்பார். வலது காது மந்தமாகி, அந்த மெல்லிய ஸ்வரம் அவருக்கு எப்போதோ கேட்காமல் போய்விட்டிருந்தது. வரவில்லை என்றால் முடிந்துவிட்டது என்று நினைத்து அடித்திருக்கிறார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கு சார்."

அடுப்பை அணைத்துவிட்டு அண்ணி கூடத்துக்கு வந்து நின்றார்.

"அவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அந்தக் கேள்வியில்தான் ஆஃப்ரினுக்கு விஷயம் விளங்கியது. திறந்திருந்த நோட்டை மூடினாள். அதுவே பதிலாகிவிட்டது. அண்ணி தட்டில் தோசையை வைத்து அவளைச் சாப்பிட்டுத்தான் போகச் சொன்னாராம். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

6

மறுநாள் அண்ணன் மெத்தைக் கடைக்கு வந்தார். யாரையும் திட்டவில்லை. காது டாக்டரிடம் போக நாள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா என் பின்னாடியே ஓடியாந்துகினு இருந்தியாடா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஜமாலுக்கு இந்தாண்ட பக்கம் உக்காந்திருப்பேன்ல."

அவ்வளவுதான். இடம் மாறி உட்கார்ந்திருந்தால் போதும். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம்.

ஆல்பத்தில் ஏழரையை முழுதாகத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பதிவு முடியும்வரை கூடவே இருந்தார். ஜமாலுக்கு அந்த ஸ்வரம் விரலுக்கு வரவேயில்லை. ஆறாவது டேக்கில்தான் சரியாக அமைந்தது. அண்ணன் ஆஃப்ரினின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு, அவர் வாசித்த மாதிரியே ஒரு தடவை எடுத்துவைக்கலாமா என்று ஆஃப்ரின் கேட்டாள். ஒரே டேக்கில் முடிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எண்ணவில்லை. எங்களுக்கு அப்படித்தான் அந்தப் பாட்டைத் தெரியும்.

7

இப்போது என் போனில் இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒன்றை அனுப்ப வேண்டும். எதை என்பதை ஜமால் என்னிடம் விட்டுவிட்டார்.

முதல் முடிவு: சரியானதை அனுப்புகிறேன். அண்ணன் கேட்டது அதுதான். ஆனால் அதில் அவர் இல்லை. நன்றாக வாசிக்கும் வேறு நாலு பேர் மாதிரி இருக்கிறோம்.

இரண்டாவது: அரை விழுங்கியதை அனுப்புகிறேன். ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் அவர் இருக்கிறார். கேட்டதும் அவர் முகம் எப்படி

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

மூன்றாவதாக ஒன்று: இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். ஜமால் உடனே ஒத்துக்கொள்வார். இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டித்தான் அந்த இரண்டு வருஷத்தையும் ஓட்டினோம்.

நீங்கள் எதை அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மனதுக்குள் ஒன்றை எடுத்திருப்பீர்கள், தப்பில்லை. நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் இதை எழுதிவைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போகிறேன். இரண்டாவது பதிவு ஒன்று இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது. அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து இரண்டையும் போட்டுக் காட்டப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று இங்கேயே ஒரு வரி எழுதிவிட முடியும், அவரை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். எழுதினால், மறுபடியும் அவரைக் கேட்காமலே