ஒரு சாண் பாக்கி

"நீளம் எவ்வளவுன்னு யாராவது சொன்னாத்தான் மண்ணுல கை வைப்பேன்" என்றார் குழிவெட்டுகிறவர்.

போதகர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். ஜெயிலிலிருந்து சொன்னதை அவர் இரண்டு தரம் சொல்லியாயிற்று. நாளை விடியும்போது தூக்கு. உடம்பை வீட்டாரிடம் கொடுப்பார்கள். ஆனால் கூட்டம் கூடக் கூடாது, வண்டி வந்த கையோடு புதைத்துவிட வேண்டும். அதற்குக் குழி இன்றைக்கே தயாராக இருக்க வேண்டும். பொழுது சாய ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவார். குழி இல்லையென்றால் ஜெயில் மதிலுக்குள்ளேயே எங்கேயோ புதைத்துவிடுவார்கள். எங்கே என்று பெற்றவர்களுக்கும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட இருப்பது ஒரே ஒரு ஆள். தூக்கில் போடப்போவது அந்த ஆளுடைய மகனை.

"நானும் அளவு கேட்டேன்" என்றார் போதகர். "பெட்டி அவங்களே கொண்டுவர்றாங்களாம். கொஞ்சம் பெரிசாவே வெட்டிடச் சொன்னாங்க."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க ஐயா?"

போதகர் செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளினார்.

வழக்கமாக இந்தப் பேச்சே வராது. சவப்பெட்டி செய்கிற ஆசாரி, பெட்டியின் நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டி ஆள் மூலம் அனுப்பிவிடுவார். குச்சியைத் தரையில் போட்டு, தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு கிழித்தால் வேலை ஆரம்பம். வேலை முடிந்ததும் குச்சி அடுப்புக்குப் போய்விடும். அப்படி எத்தனையோ குச்சிகளில் அவர் வீட்டுச் சோறு வெந்திருக்கிறது. "என்கிட்ட வந்தவங்க யாரும் இதுவரைக்கும் இடம் பத்தலன்னு குறை சொன்னதில்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பு போய் வருஷக் கணக்காகிறது.

மகனுடைய நீளம் அவருக்குத் தெரியாது. போலீஸ் கூட்டிக்கொண்டு போனபோது அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இவர் காதளவுதான் இருந்தான். அதற்குப் பிறகும் வளர்ந்திருப்பான். ஜெயிலில் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவனை முதலிலேயே உட்கார வைத்திருப்பார்கள். இவர்களை வெளியே அனுப்பிய பிறகுதான் அவனை எழுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் அவன் நின்று இவர் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோருடைய நீளமும் கையளவில் தெரிந்த மனுஷருக்குப் பெற்ற பிள்ளையின் நீளம் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் குழிக்கென்று போதகர் காட்டிய இடத்திலேயே, கிணற்று ஓரத்துப் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். இங்கதான் வெட்டணும்னா என் மேலயே வெட்டுங்க."

"அப்படிப் பேசாத."

"கருணை மனுவுக்கு மேலிடத்துல இருந்து இன்னும் பதில் வரல. கடைசி நிமிஷத்துல கூட வரலாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள நீங்க குழி வெட்டினா என்ன அர்த்தம்? பெத்தவனே சம்மதிச்சுட்டான்னு அர்த்தம். குழியே வெட்டியாச்சாமே, அப்புறம் என்ன கருணைன்னு கேட்க மாட்டாங்களா?"

"வெட்டலன்னா அவன் அந்த மதிலுக்குள்ளயே கிடப்பான். செத்த பிறகும் ஜெயிலா அவனுக்கு?"

அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. வெட்டினால் கயிற்றை இவரும் ஒரு கை பிடித்த மாதிரி. வெட்டாவிட்டால் பிள்ளையைக் கைகழுவின மாதிரி.

அந்த நேரம் பார்த்து சபை மூப்பர் வந்தார். இரும்புக்கடைக்காரர். குடையை விரித்தபடியே தோட்டத்துக்குள் நுழைந்தார்.

"ஐயா, தோட்டத்து மதிலுக்குள்ளயா இடம் கொடுத்திருக்கீங்க?" என்று போதகரிடம் கேட்டார். "செத்தவரும் இங்கதான் படுத்திருக்காரு, கொன்னவனும் இங்கதானா? அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அவர் சொன்ன அம்மா, செத்துப்போன கிடங்குக் காவலாளியின் மனைவி. இரும்புக் கிடங்கில் திருட நுழைந்த பையன்களில் குழிவெட்டுகிறவரின் மகனைத்தான் காவலாளி சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பையன் கையில் இருந்ததைக் கொண்டு ஓங்கி அடித்துவிட்டான். கையில் இருந்தது அப்பனுடைய கடப்பாரை. அது இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. அந்தக் காவலாளிக்குக் குழி வெட்டியவரும் இவர்தான். கடன் வாங்கிய கடப்பாரையால் வெட்டினார்.

"வெளியில மதிலோரமா வெட்டச் சொல்லுங்க" என்றார் மூப்பர். "நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. வேதத்துல உள்ளதைத்தான் சொல்றேன். தப்பு செஞ்சவனைத் தண்டிக்கத்தான் ஆண்டவர் அரசாங்கத்துக்கு வாளைக் கொடுத்திருக்காரு. நீங்களே பிரசங்கம் பண்ணீங்களே, ஐயா."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். போன வருஷம் அவர் அப்படித்தான் பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல பிரசங்கம் என்றார்கள்.

குழிவெட்டுகிறவர் மெதுவாக வாயைத் திறந்தார். "உலகத்துல முதல் கொலை பண்ணினவன் கூடப்பிறந்த தம்பியையே கொன்னான். அவனை ஆண்டவர் கொல்லலீங்களே. வேற எவனும் இவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு அடையாளம் போட்டுத்தானே அனுப்பினாரு?"

"அது அப்போ. ரத்தத்துக்கு ரத்தம்னு அதுக்கப்புறம் நோவாகிட்ட சொன்னது யாரு? என் கடைக் கணக்குப்பிள்ளையா?"

"சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளனுக்கு..."

"பரலோகம் கொடுத்தாரு. ஒத்துக்கறேன்" என்றார் மூப்பர். "ஆனா சிலுவையில இருந்து இறக்கி விட்டாரா? இல்லையே. அந்தக் கள்ளனே, எனக்கு இது நியாயமான தண்டனைதான்னு வாயால சொன்னான். உன் மகனுக்கும் பரலோகம் கிடைக்கட்டும்ப்பா. நான் ஜெபிக்கிறேன். தண்டனை வேற, மன்னிப்பு வேற."

கள்ளனை இறக்கவில்லை என்பது உண்மைதானே. இத்தனை வருஷமாக அந்தக் கதையைப் பிடித்துத்தான் குழிவெட்டுகிறவர் தொங்கிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் கையை விட்டு நழுவியது.

பதில் புல்லில் இருந்து வந்தது.

"ஆண்டவரும் கூடத்தான் ஆணியில தொங்கிட்டிருந்தாரு" என்றாள் அவர் மனைவி. "ரெண்டு கையிலயும் ஆணி. அவர் எப்படி இறக்குவாரு? நீங்க கீழதானே நிக்கிறீங்க மூப்பரே. உங்க கை சும்மாதானே இருக்கு? குடையைத்தானே பிடிச்சிருக்கு?"

மூப்பர் குடையைப் பார்த்தார். பிறகு அதை மடக்கினார். மடக்கிய குடையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரித்தார்.

"எதுக்கும் அந்த அம்மாவைக் கேட்டுடுங்க" என்று மட்டும் போதகரிடம் சொன்னார்.

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து இரும்புக் கேட்டருகே காவலாளியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் தண்ணீர் வாளியோடு. ஞாயிறு தவறாமல் வந்து புருஷன் கல்லறைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். இன்றைக்கு ஞாயிறு இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

முன்பெல்லாம் அவள் குழிவெட்டுகிறவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அது நடந்த பிறகு அவரை முறை சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. அவள் வரும் நேரத்தில் இவர் சாமான் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வார். இன்றைக்கு ஒளிய நேரமில்லை.

அவள் நடந்து வந்து வாளியைக் கீழே வைத்தாள்.

"உள்ளயே வெட்டுங்க" என்றாள். "ஆனா இந்தப் பக்கம் வேண்டாம். கிணத்துக்கு நான் தண்ணி எடுக்க வரணும். அந்தக் கோடியில, கொட்டகைக்குப் பின்னாடி வெட்டுங்க. என் கண்ணுல படக் கூடாது."

"சரிம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன அளவு தெரியலன்னு பேசிட்டிருந்தீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே சொன்னாள். "தீர்ப்பு சொன்ன அன்னைக்கு நான் கோர்ட்டுல இருந்தேன். கூண்டுல எழுந்து நின்னான். எல்லாரும் ஜட்ஜைப் பார்த்தாங்க. நான் அவனைத்தான் பார்த்தேன். கண்ணை எடுக்கல. எங்க வீட்டுக்காரரை விட ஒரு சாண் உயரம்."

குழிவெட்டுகிறவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. யாருக்கோ குழி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிட்டார். போன மனைவியோ ஜட்ஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, தீர்ப்பைக் கேட்டதும் மயங்கி விழுந்துவிட்டாள். எழுந்து நின்ற பிள்ளையைப் பார்த்தது இவள் ஒருத்திதான்.

அவர் கொட்டகைக்குள் போனார். மூலையில் துணி சுற்றி ஒரு குச்சி சாத்தியிருந்தது. காவலாளியின் பெட்டிக்கு ஆசாரி அனுப்பிய குச்சி. எல்லாக் குச்சியும் அடுப்புக்குப் போனது, இதை மட்டும் எரிக்கக் கை வரவில்லை. எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாமல் வைத்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் மனைவி புல்லை விட்டு எழுந்து அந்தப் பெண்ணின் முன்னால் நின்றிருந்தாள்.

"தாயி, ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா மேல கேட்பாங்க."

"எனக்கு மனசு ஆறலக்கா."

"ஆற வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். கயிறு மட்டும் வேண்டாம்னு சொல்லு."

காவலாளியின் மனைவி வாளித் தண்ணீரைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா எல்லாரும் எனக்காகத்தான் அவனைத் தூக்குல போடணும்னு பேசறாங்க" என்றாள். "என்னை யாரும் கேட்கல. முதல்ல எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்தது. அவன் துடிக்கிற மாதிரி நினைச்சுப் பார்ப்பேன், தூக்கம் வரும். இப்போ நினைச்சா தூக்கம் வரல."

போதகர் வக்கீலின் நம்பரைப் போட்டு போனை நீட்டினார். அவள் வாங்கினாள்.

"நான் காவலாளி சம்சாரம் பேசறேன். நான் அவனை மன்னிக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா எனக்காகன்னு சொல்லி அவனைத் தொங்க விட வேண்டாம். எனக்கு வேண்டாம். இதை யார்கிட்ட சொல்லணுமோ சொல்லுங்க."

அந்தப் பக்கம் வக்கீல் ஏதோ சொன்னார். அவள் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்பவே அனுப்பறாராம். நேரம் ரொம்பக் கம்மியாம். எதையும் நம்பி இருக்க வேண்டாமாம்."

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். மூப்பரும் அவள் பின்னாலேயே போனார்.

குழிவெட்டுகிறவர் கொட்டகைக்குப் பின்னால் குச்சியைப் போட்டார். தலைமாட்டில் கோடு கிழித்தார். குச்சியின் மறுமுனையில் ஒரு கோடு. "உன் கையை வை" என்றார் மனைவியிடம். அவள் முறைத்தாள். பிறகு குனிந்து அந்தக் கோட்டிலிருந்து விரலை விரித்து ஒரு சாண் வைத்தாள். அங்கே மூன்றாவது கோட்டைக் கிழித்தார்.

மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை கல்லில் பட்டு மணிக்கட்டு வரைக்கும் அதிர்ந்தது. ஒவ்வொரு குத்துக்கும் மனைவியின் உதடு அசைந்தது. ஜெபமா, வசையா, இரண்டும் கலந்ததா என்று அவர் கேட்கவில்லை. போதகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூடையில் மண்ணை அள்ளிக் கொட்டினார். பழக்கமில்லாத கை, பாதி மண் குழிக்குள்ளேயே சரிந்தது. அவருடைய போனைப் பக்கத்துக் கல்லறை மேல் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் அதைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தார்கள்.

வெயில் இறங்கியபோது குழி மார்பளவு ஆகிவிட்டது. குழிவெட்டுகிறவர் பக்கங்களைச் சீவினார், அடியைத் தட்டிச் சமப்படுத்தினார். இரண்டாவது கோட்டோடு நிறுத்தி, மண்வெட்டியை வெளியே போட்டுவிட்டு ஏறினார். அதற்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் இருந்த மண்ணைத் தொடவில்லை. அதன் மேல் கொஞ்சம் புல் அப்படியே நின்றது.

"அது?" என்றார் போதகர்.

"இருக்கட்டுங்க."

போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். வயசானவர். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"ஒரு சாண் பாக்கி" என்றார் குழிவெட்டுகிறவர்.

"முடிஞ்சுதுன்னு நான் போய்ச் சொல்லணும். இல்லன்னா உடம்பு வராது. தெரியும்ல?"

"தெரியுங்க. வண்டி வந்து நின்னு கதவு திறக்கறதுக்குள்ள வெட்டிடுவேன். நான் இங்கயேதான் இருப்பேன். என் வேலை அது, எனக்குத் தெரியும்."

"வண்டி வரலன்னா?"

"வரலன்னா மூடிடுவோம்" என்றாள் அவர் மனைவி.

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "குழி தயார்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்.

அவர் போன பிறகு அவள் குழி ஓரமாக உட்கார்ந்தாள். வெட்டாமல் விட்ட புல்லின் மேல் விரல்களை விரித்து உள்ளங்கையை வைத்தாள். கட்டைவிரல் ஒரு கோட்டிலும் சுண்டுவிரல் இன்னொரு கோட்டிலும் இருந்தது. கையை எடுக்கவில்லை. அவர் மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில், சாலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.