மொலகொட நிறுத்தம்

சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்கப் பூ வெட்டப் போன பந்துல, கத்தரிக்கோலை நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை ஆர்க்கிட் தொட்டியில் தொங்கிய காயின் நுனி மஞ்சளித்திருந்தது. நேற்று மாலைவரை பச்சையாகத்தான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் அவர் மனைவி சோமலதா பல் குத்தும் குச்சியால் மகரந்தத்தைத் தொட்டு வைத்து உண்டாக்கிய காய் அது. அதற்கு முன்பே, தன் இன்சுலின் தீர்ந்துபோன குப்பியை வேகவைத்துக் காயவைத்து, அதில் அந்த மகரந்தத்தை ஒரு மாதம் அடைகாத்திருந்தாள். "நுனி மஞ்சளானா ஒரு நாள்தான் கெடு. வெடிச்சிட்டா போச்சு. மூடியிருக்கிற வரைக்கும்தான் உள்ள சுத்தம்" என்று சொல்லிச் சொல்லி அவர் காது புளித்திருந்தது. சொன்னவள் முன்னறையில் வெள்ளைச் சேலையில் கிடந்தாள்.

ஆர்க்கிட் விதை மண்ணில் முளைக்காது, வேகவைத்துக் கிருமி போக்கிய போத்தல் கூழில்தான் முளைக்கும். சாயங்காலம் விதைக்க வேண்டுமானால் போத்தல்கள் இப்போதே குக்கரில் ஏற வேண்டும். ஆறவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பந்துல பூவை வெட்டிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் போய்க் குக்கரை இறக்கினார்.

"என்ன காரியம் இது?" வாசலில் லீலாவதி அக்கா நின்றிருந்தாள். சோமலதாவின் கூடப்பிறந்தவள். வாய்க்குப் பயந்து தபால்காரன்கூட அவள் வீட்டுப் படலையிலேயே கடிதத்தைச் செருகிவிட்டுப் போவான்.

"சோமாவோட காய் பழுத்திருச்சு அக்கா. போத்தல வேகவைக்கணும்."

"பைத்தியமா உனக்கு? சவம் வீட்ட விட்டுப் போற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விசில் சத்தம் கேட்டா ஊரு என்ன சொல்லும்? பொண்டாட்டிய வச்சுக்கிட்டு ஆட்டுக்கறி வேகவைக்கிறான்னு சொல்லும்!"

பந்துல இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். எதிரே வருகிறவன் விளக்கடித்தால் ஒதுங்கிக்கொள்வதே பழக்கம். ஆனால் இன்று குக்கரைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே முற்றத்துக்கு இறங்கினார்.

அங்கே தார்ப்பாய்க்குக் கீழே அயல்வீட்டுக் கீர்த்தி வந்தவர்களுக்குக் கல்லடுப்பில் பிளேன்டீ போட்டுக்கொண்டிருந்தான். பந்துல விஷயத்தைச் சொன்னதும் அவன் கேத்தலை இறக்கிவைத்தான்.

"வைங்க அண்ணே. கல்லு என்னோடது, விறகு என்னோடது. இது செத்த வீட்டு அடுப்பே இல்ல." பிறகு கூடையில் இருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தான். காலிச் சாராயப் போத்தல்கள் ஆறு, பளபளவென்று. "அடேயப்பா, இவ்வளவு சாராயத்தையும் யாரு குடிச்சது?"

"நீதான். வேலிப் பக்கத்துல வீசிட்டுப் போவியே, அவ பொறுக்கிக் கழுவினது."

கீர்த்தி தலையைச் சொறிந்தான். ஈடுசெய்கிற மாதிரி, பந்துல கடற்பாசியும் சீனியும் இளநீரும் துளி உரமும் சேர்த்துக் காய்ச்சிய கூழைப் போத்தல்களில் ஊற்ற ஊற்ற, அவன் மூடிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

"ஐயையோ, இறுக்காதடா! உள்ள வெடிச்சுப் போகும்." பந்துல ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, தலையில் ஈயத்தாள் கட்டி, அடியில் துணி விரித்த குக்கரில் நிறுத்தினார்.

விசில் அடித்தது. முன்முற்றத்தில் யாரோ ஒரு கிழவர், "என்ன கறி?" என்று ஆசையாகக் கேட்டது காதில் விழுந்தது. லீலாவதி அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பந்துல விறகை இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

இனி இருபத்தைந்து நிமிடம். அதற்குச் சோமலதாவிடம் கடிகாரம் இல்லை, புருஷன்தான் கடிகாரம். "கேகாலையிலேருந்து மாவனெல்லைக்கு ஓட்டு" என்பாள். அவரும் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டுவார். கடைசி நிறுத்தம் வந்ததும் அடுப்பை அணைப்பார். ஒரு நாளும் பிசகியதில்லை.

கண்ணை மூடிக் கேகாலையில் கிளம்பினார். கரண்டுபன தாண்டியது. மழை விட்ட ரோடு. மொலகொடவில் சட்டிபானைக் கடைகளுக்கு முன்னால் நிறுத்தினார். முப்பத்தோரு வருடத்துக்கு முன், மடியில் ஒரு செடியோடு சோமலதா முதல் தடவை அவர் வண்டியில் ஏறிய இடம். ஏறினதும் அவள் சொன்னது, "மெதுவா ஓட்டுங்க, பூ உதிர்ந்துரும்."

கதவு திறந்தே கிடந்தது. யாரும் ஏறவில்லை. பந்துலவால் வண்டியை எடுக்க முடியவில்லை. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்க. எத்தனை நிமிடம் ஆனதென்றே தெரியவில்லை. கணக்குப் போயிற்று. சோமாவின் காயும் போயிற்று என்று நினைத்தார்.

"பதினாலு நிமிஷம் ஆச்சு."

நிமிர்ந்து பார்த்தார். லீலாவதி அக்கா கையில் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் அடித்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னும் பதினொண்ணு. ஓட்டு" என்றாள்.

ஓட்டினார். உதுவன்கந்த வளைவு, பிறகு பாலம், மாவனெல்லை. தீயை முழுதாக வெளியே இழுத்தார். கீர்த்தி விசிலைத் தூக்கப் போனான்.

"தொடாதே! அதுவா அடங்கணும்," என்றாள் லீலாவதி அக்கா, ஏதோ பிறந்ததிலிருந்து இதையே செய்தவள் மாதிரி.

இரண்டு மணிக்குப் பிக்குமார் வந்தார்கள். நாலு மணிக்குச் சோமலதா போனாள். ஆறு மணிக்குப் பந்துல குளித்துவிட்டு, தூசி படாமலிருக்கப் பக்கவாட்டில் சாய்த்த காலி மீன் தொட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, கைகளை அதற்குள் விட்டார். இதுவரை இந்த வேலையில் அவர் சோமலதாவுக்கு மூடி பிடித்துக் கொடுத்தவர் மட்டும்தான். காயைக் குளோரினில் முக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, சுடரில் காட்டி, பிளந்தார். மாவு மாதிரி விதை. அதை ஆறு போத்தல்களிலும் தட்டினார். மூடிகளை இந்தமுறை இறுக்கினார்.

பிக்குமாருக்கு அன்னமிடும் ஏழாம் நாள் தானத்தன்று இரண்டு போத்தலில் பூஞ்சை. நாலு தெளிவாக இருந்தன.

மூன்றாம் மாதத் தானம் முடிந்து எல்லோரும் போன பிறகு, லீலாவதி அக்கா ஒரு போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூழின் மேல் கடுகைவிடச் சின்னதாகப் பச்சை மணிகள், இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு.

"இதுங்களுக்குப் புது வீடு வேணும்போல."

"அதுக்குத்தான் பன்னிரண்டு போத்தல் கழுவி வச்சிருக்கேன். பாதி கீர்த்தி கொடுத்தது."

"அவன் உபயம் நடக்கட்டும். அடுப்ப மூட்டு."

குசினியின் சொந்த அடுப்பில் குக்கர் ஏறியது. விசில் அடித்ததும் பந்துல தீயைக் குறைத்துக் கண்ணை மூடினார். அக்கா பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைக்கடிகாரம் மடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வந்திருக்கோம்?" என்றாள்.

"மொலகொட."

"நில்லு. அவசரமில்ல, நான் பாத்துக்கிறேன்."