செருப்புக் கடையில் ஆறு நாள்

வணிகவியல் டீச்சருக்கு அந்த வருடம் ஐம்பத்திரண்டு முடிந்தது. அதில் இருபத்தாறு வருடம், அதாவது சரிபாதி, ஒரே பாடத்தை நடத்தியே போயிருந்தது. திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்துதல், இயக்குதல், கட்டுப்படுத்துதல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிடுவாள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகளில் சாறு போய்ச் சக்கைதான் மிச்சம் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறி கடகடவென்று சுற்றும் மாடி வகுப்பில், நாற்பத்தொரு பிள்ளைகள் சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். “மேலாண்மை என்றால் என்ன?” என்று கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லித் தொலைத்துவிடுவார்களோ என்று அவளே பயப்படுவாள். பதில் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கும்.

அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும் அவளிடம் வருவார்கள். “வேற வழியில்ல மிஸ்” என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அவளும் வேறு வழியில்லாமல் வந்தவள்தான். அவளுடைய அப்பா கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடைக்குப் போவாள். உள்ளே நுழைகிறவரின் காலைப் பார்த்தே இன்ன அளவு என்று சொல்வாள். ஒன்று கேட்டு வந்தவர் இரண்டு வாங்கிக்கொண்டு போவார். ஆனால் அப்பா கடையை அண்ணனுக்கு எழுதி வைத்தார். அவளைப் படிக்க வைத்து டீச்சர் வேலைக்கு அனுப்பினார். அதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணன் தங்கமான மனுஷன். ஆனால் ஆட்களைக் கண்டால் ஆகாது. கல்லாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது இரண்டாவது ஜோடியை எடுத்துக் காட்டச் சொன்னால், ஏதோ அவர் சொத்தையே எழுதிக் கொடுக்கச் சொன்னது மாதிரி பார்ப்பார். கடை வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்தது. “ஏதோ ஓடுது” என்பார். அவளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்த வருடம் தலைமையாசிரியை புதிதாக ஓர் உத்தரவு போட்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவும் ஒரு கடையையோ தொழிலையோ ஆறு நாள் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதில் ஒரு பிரதியை அந்தக் கடைக்காரருக்கே கொடுக்க வேண்டும். டீச்சருக்கு இது இன்னும் ஒன்பது கட்டுக் காகிதம் திருத்தும் வேலை, அவ்வளவுதான்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்பாள் என்பதால் எல்லோரும் அவளைக் ‘கேள்விக்குறி’ என்றே கூப்பிட்டார்கள். அவளோடு குழு சேர யாரும் வரவில்லை. “தனியாவே பண்றேன் மிஸ்” என்று பட்டியலில் கடைப் பெயரை எழுதி நீட்டினாள். அது அண்ணன் கடை. வீட்டுக்குப் போகிற வழியில் இருப்பதால் அந்தப் பெண் எடுத்திருக்கிறாள். யார் கடை என்று அவளுக்குத் தெரியாது.

வேறு கடை எடுத்துக்கொள் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு இன்னொரு ஏன். அன்றைக்கு அது ஆறாவது பாடவேளை, கால் கடுத்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அறிக்கைகளை வகுப்பில் வாசிக்கச் சொன்னாள். முதல் நான்கு குழுக்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். பேக்கரியில் ‘ஐந்து மேலாண்மைப் பணிகளும் சிறப்பாக நடைபெறுகின்றன’ என்று ஒரு பையன் வாசித்தபோது, அந்த பேக்கரி போன மாதமே மூடியாயிற்று என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

பிறகு கேள்விக்குறி எழுந்தாள்.

“ஆறு நாளும் மாலை நாலரை மணியிலிருந்து ஆறரை மணி வரை கடை வாசலோரமாக நின்று பார்த்தேன். உரிமையாளர் கடையில் இருந்த நான்கு நாட்களில் பதினொரு ஜோடி விற்றது. அவர் வெளியே போயிருந்த இரண்டு நாட்களில் பத்தொன்பது ஜோடி விற்றது.”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

“வெளியே வந்தவர்களில் முப்பது பேரிடம் பேசினேன். அங்கே வேலை செய்யும் அக்காவுக்காகத்தான் வருகிறோம் என்று இருபத்திரண்டு பேர் சொன்னார்கள். உரிமையாளர் நல்லவர். சில்லறை சரியாகக் கொடுக்கிறார். ஆனால் மனிதர்கள் கடைக்குள் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அக்கா பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறார். யாருக்கு எந்தச் செருப்பு கடிக்கும் என்று அவருக்குத் தெரிகிறது. உரிமையாளர் பின்னால் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டு, கடையை அந்த அக்காவிடம் கொடுத்தால் கடை பிழைக்கும்.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடை அக்காவை அவளும் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறாள். போகும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். “டீச்சர் இளைச்சுட்டீங்க” என்பாள். பணியமர்த்துதல் பாடத்தை இருபத்தாறு முறை நடத்தியும் அவள் கண்ணில் படாதது, ஆறு நாள் நின்ற பெண் கண்ணில் பட்டிருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் கேள்விக்குறியைக் கூப்பிட்டாள். “கடைக்காரருக்குக் குடுக்கிற பிரதிய என்கிட்ட குடும்மா. நான் பாத்துட்டுக் குடுக்கிறேன்.”

“காலையிலேயே குடுத்துட்டேன் மிஸ். நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க?”



சாயங்காலம் அண்ணி போன் செய்தார். “உங்க ஸ்கூல் பொண்ணு ஏதோ பேப்பர் குடுத்துச்சாமே. மத்தியானம் பூரா அதையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. சாப்பாட்டத் தொடல. நீதான் எழுதச் சொன்னியா?”

“இல்ல அண்ணி” என்றாள். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஒன்பது நாள் அண்ணன் பேசவில்லை. இவள் போன் செய்தால் எடுக்கவில்லை. அவளுக்கும் கடைப்பக்கம் போகக் கால் வரவில்லை. பள்ளிக்கூடம், வீடு, திருத்தவேண்டிய காகிதம் என்று கடனே என்று நாளைத் தள்ளினாள்.

பத்தாம் நாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் அண்ணன் வந்து நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். “அந்தப் பொண்ணப் பாக்கணும்” என்றார்.

“அண்ணா, சின்னப் பொண்ணு. எதுவா இருந்தாலும் என்னத் திட்டு.”

“திட்ட வரல. கூப்பிடு.”

காலி வகுப்பறையில் கேள்விக்குறி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் முன்பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

“நான் இல்லாத ரெண்டு நாளும் அவங்க என்ன பண்ணாங்க? அத எழுதலயே நீ.”

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். “பெருசா ஒண்ணும் பண்ணல சார். முதல்ல உக்காரச் சொன்னாங்க. அப்புறம் கால் வலி இருக்கான்னு கேட்டாங்க. என்ன விலையில வேணும்னு கடைசியாத்தான் கேட்டாங்க.”

“நான் விலையத்தான் முதல்ல கேப்பேன்.”

“ஆமா சார். எழுதி வச்சிருக்கேன்.”

“நல்லா எழுதியிருக்கம்மா” என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

படிக்கட்டு வளைவில் டீச்சர் அவரைப் பிடித்தாள். “கோவமா அண்ணா?”

“முதல் ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, என்னமோ முதுகுல இருந்து மூட்டைய எறக்கின மாதிரி இருந்துச்சு.” கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். “அந்தக் கல்லாவுல நீ உக்காந்திருக்கணும். அப்பாவுக்கும் அது தெரியும்.”

“அப்பாவுக்கா?”

“என்கிட்டயே சொன்னாரு. ‘வியாபாரம் உன் தங்கச்சிக்குத்தான் வரும். ஆனா அவ எங்க போட்டாலும் பொழைச்சுக்குவா. உனக்குக் கடையும் இல்லேன்னா ஒண்ணுமே இல்ல’ன்னாரு. இத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே இத்தன வருஷம் வாயத் தொறக்கல.”

கீழே பிள்ளைகள் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும் சத்தம் கேட்டது. அப்பாவுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று முப்பது வருடமாக அவள் மனதுக்குள் குமைந்திருக்கிறாள். தெரிந்தேதான் செய்திருக்கிறார். அதற்காகச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“வேலைய விட்டுட்டு வந்துடறியா?” என்றார் அண்ணன். “இப்பவும் உன் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

அவள் யோசித்துத்தான் பார்த்தாள். பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும் அந்த நீளமான கடை, புதுத் தோல் வாசனை, வாசலில் வந்து நிற்கும் கால்கள்.

“முப்பது வயசுல கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் அண்ணா. இப்ப முடியாது. உடம்பும் அசந்துபோச்சு, மனசும் அசந்துபோச்சு. அந்த அக்காவக் கேளு. பன்னெண்டு வருஷமா உன்னையே சமாளிச்சவங்க, கடையச் சமாளிக்க மாட்டாங்களா?”

அண்ணன் அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

கடை அக்கா உடனே தலையாட்டிவிடவில்லை. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு வந்து, சம்பளம் வேண்டாம், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும், அதையும் எழுத்தில் வேண்டும் என்றாள். கூடவே, “ஆள் உள்ள இருக்கும்போது நீங்க முன்னால வரக்கூடாது சார்” என்றாள். அண்ணனுக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் ரொம்பப் பிடித்திருந்தது. எழுதிக் கொடுத்தார்.

கடை ஒரே மாதத்தில் ஓகோவென்று ஆகிவிடவில்லை. ஆனால் ஈ ஓட்டுவது நின்றது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்களாம். அண்ணி போனில் சொன்னார். அண்ணன் சரக்கு அறையிலேயே ரேடியோ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். பத்து வருடமாக உறைந்திருந்த அவர் முகம் வீட்டில் கொஞ்சம் இளகியது.

கேள்விக்குறிக்கு டீச்சர் முழு மதிப்பெண் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்து ஒரு வாரம் போனபின் அந்தப் பெண் வராந்தாவில் அவளை நிறுத்தினாள்.

“மிஸ், அது உங்க அண்ணன் கடையாமே. அப்பவே ஏன் சொல்லல? சொல்லியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்.”

அதனால்தான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும். அந்தப் பெண் நம்பவும் நம்புவாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

“அசதிம்மா. வேற கடை எடுன்னு சொல்லக்கூடத் தெம்பில்ல அன்னிக்கு.”

“ஏன் மிஸ் எப்பவும் அசதியா இருக்கீங்க?”

இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளைகூட அவளிடம் அதைக் கேட்டதில்லை. மணி அடித்தது. அடுத்த வகுப்பு மாடியில். டீச்சர் வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வா, நடந்துக்கிட்டே சொல்றேன்” என்று படியேறினாள்.