சாவிக்கொத்தின் பழைய சொல்

நாங்கள் இபு, அதாவது அம்மா, என்று அழைக்கும் வினார்னி அன்று காலையிலும் அந்தச் சிறு கட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பதினோரு நாளாக இதே தொல்லை. லினக்ஸ் மடிக்கணினியைத் திறந்தால் வைஃபைக்கு முன்னால் அது வந்து நிற்கும்: சாவிக்கொத்து பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் தருக. கணினி தன் எல்லாக் கடவுச்சொற்களையும் சேர்த்துவைக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கதைகளை வாசித்துப் பதிவு செய்து தரும் எங்கள் யோக்யகர்த்தா நூலகத்தில் இருப்பது அந்த ஒரே கணினிதான்.

"வைஃபை பாஸ்வேர்ட் சுவத்துலயே ஒட்டியிருக்கு, மாஸ். இந்தக் கொத்தை அழிச்சிட்டா புதுசா ஒண்ணு வந்துடும்னு என் மருமகன் சொல்றான். அழிச்சிடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். தம்பி என்பதுபோல் மாஸ் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

விரல் அழிக்கும் இடத்துக்கே போய்விட்டது. நான் அவசரமாகத் திரையின் முன் கையை நீட்டினேன்.

"அதுக்குள்ள வைஃபை மட்டும்தானா இருக்கு, இபு? கதைங்க இருக்குற டிஸ்க்கோட பாஸ்வேர்ட் எங்க இருக்கு?"

அவர் விரலை எடுத்துவிட்டார். மூன்று வருடக் கதைகள் பூட்டு போட்ட டிஸ்க் ஒன்றில் இருந்தன. அந்தப் பூட்டின் சொல்லைத் தினமும் அடிக்க வேண்டாமென்று, எங்களுக்காக வாசித்துவந்த பெரியவர் பாக் சுகெங் சாவிக்கொத்திலேயே சேர்த்து வைத்திருந்தார். அவர் மகளோடு இருக்க பாலிக்பாப்பான் நகருக்குப் போனதிலிருந்து டிஸ்க்கை யாரும் செருகவில்லை. போவதற்கு முன் அவருக்கும் வினார்னிக்கும் ஒரு சிறு வாக்குவாதம். அவர் கிளம்பிய மறுநாளே, அவரிடம் கேட்காமல், நிர்வாகிக் கணக்கிலிருந்து நாங்கள் எல்லோரும் திறக்கும் அவர் கணக்கின் நுழைவுச் சொல்லை வினார்னி மாற்றிவிட்டார். வாசல் பூட்டு மாறியது; உள்ளே இருந்த சாவிக்கொத்துப் பெட்டி மட்டும் பழைய சாவிக்கே காத்திருந்தது.

"போன் பண்ணித்தான் கேக்கணும், இபு."

"சிரிச்சார்னா பரவால்ல, மாஸ். பேசாம இருந்துட்டார்னா?"

பிஸ்மில்லா என்று முணுமுணுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"இபுவா? நம்ம ஊர் பலாக்காய்க் கறி குடெக் இல்லாம இங்க நாக்கே செத்துப்போச்சு," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"பாக், உங்க பாஸ்வேர்டை நான் மாத்திட்டேன். அந்தச் சண்டைக்கப்புறம் உங்க மேல சந்தேகப்பட்டு. இப்ப சாவிக்கொத்து திறக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வினார்னி முக்காட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தர் போனா மாத்தத்தான் வேணும். நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன். பழசைச் சொல்லாம கிளம்பினது என் தப்பும்தான்," என்றார் சுகெங். பிறகு பழைய சொல்லை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திறந்ததும் அதையும் மாத்திடுங்க, இபு. என் சொல்லு அங்க எதுக்கு?"

கட்டம் மறைந்தது. வைஃபை வந்தது. டிஸ்க்கைச் செருகினோம், கேள்வி ஏதுமின்றித் திறந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று வினார்னி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்துக்குப் புதுச் சொல் வைத்து, அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு என்னிடம் கொடுத்தார். இனி ஒருவர் மட்டும் அறிந்திருக்கக் கூடாது என்றார். மன்னிப்புக் கேட்பதற்கும் மன்னிப்பதற்கும் ஒரு தொலைபேசி அழைப்பின் நேரமே போதும் என்று அன்று பார்த்தேன்.

முதல் கதையை ஓடவிட்டோம். சுகெங்கின் குரல் தொடங்கியது, இருமியது. பதிவிலேயே எங்கோ ஒரு சேவல் கூவ, வாசிப்பு நின்றது.

"அட, அந்தச் சேவலை நீங்க இன்னும் வெட்டி எடுக்கலையா?" என்றது இன்னும் துண்டிக்காத போன்.

"பிள்ளைங்க அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேக்குதுங்க, பாக்."

பதிவில் சேவல் மறுபடி கூவியது. அது கூவி முடிக்கும்வரை மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.