மேஜருக்கு வர வேண்டிய குண்டு

போர்க்களத்தில் மேஜரின் நெற்றிக்குக் குறிவைத்துச் சுட்ட குண்டு, அவர் ஓய்வுபெற்று, மகளுக்குக் கல்யாணம் முடித்து, பல்செட்டும் கட்டிக்கொண்ட பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது. வர வர வேகம் குறைந்து, தெருவுக்குள் நுழைந்தபோது எறும்புகூட அதை முந்திப் போயிற்று. அது புறப்பட்ட அன்று எல்லாரும் பதுங்க, இவர் மட்டும் அசையவில்லை. பதக்கம் கொடுத்தது அதற்குத்தான். எது வந்தாலும் விலகாதே என்று உத்தரவிட்ட கர்னல் அதே வாரம் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்துவிட்டதால், உத்தரவை ரத்து செய்ய ஆளில்லை. மேஜர் குண்டு வரும் நேர்கோட்டிலேயே, தையற்காரர் வீட்டை ஒட்டி மனை வாங்கி, வீடு கட்டி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் வழியாகக் குண்டு உள்ளே வந்தபோது தெருவே வந்து பார்த்தது. தொட்டால் இளஞ்சூடு. மேஜரின் மனைவி அதன்மேல் கைக்குட்டை போட்டாள், நன்றாகவே காய்ந்தது. இரும்புக்கடைக்காரர் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தார், அதோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நகர்ந்தார், கடைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். தள்ளி உட்காரச் சொல்லி மகள் அழுதாள், மாப்பிள்ளை கெஞ்சினார். இப்போது நகர்ந்தால் அன்றைக்கு நின்றது பொய்யாகிவிடும் என்று சொல்லிவிட்டு மேஜர் பேப்பரைப் புரட்டினார்.

மனைவி வாதாடவில்லை. தையற்காரரிடம் அளவு நாடா வாங்கி, குண்டின் உயரத்தையும், நாற்காலியில் உட்கார்ந்தால் தன் உச்சந்தலை எட்டும் உயரத்தையும் அளந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து மேஜர் அவளை ‘அரையடி’ என்றுதான் கூப்பிடுவார்.

குண்டு மூக்குக்கண்ணாடியை நெருங்கிய காலையில் அவள் அவரெதிரே வந்து விறைப்பாக நின்றாள்.

“என்னங்க, டூட்டி மாத்த வந்திருக்கேன். எந்திரிங்க.”

மாற்று ஆள் வந்தால் காவலை ஒப்படைத்தே ஆக வேண்டும். ராணுவத்தில் அதற்கு மறுபேச்சில்லை. மேஜரின் கால்கள் தாமாக எழுந்து பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டன. மனசுதான் எழவில்லை.

“விளையாடாத, அரையடி. அது தலைக்கு வருது.”

“உங்க தலைக்கு வருது. எனக்குக் கொண்டையோட போயிடும். வழிய விடுங்க.”

உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். குண்டு கொண்டைக்குள் புகுந்து, ஒரு ஹேர்பின்னைத் தள்ளிவிட்டு, சாயங்காலம் பின்பக்கமாக வெளியே வந்தது. மேஜர் அன்று பகல் பூராவும் பேப்பரைத் தொடாமல் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதக்கம் இப்போது அவள் தோளில் இருக்கிறது. முந்தானை நழுவாமலிருக்கத் தோதாக இருக்கிறதாம். குண்டு சுவருக்குள் போய்விட்டது. தையற்காரர் வந்து அது எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டு போய், மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.