பித்தளைப் பலகையில் என் பெயர்

உங்கள் பெயரை யாராவது இறந்துபோய்த் தம்மோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களா? எனக்கு நடந்தது. அடிலெய்டில், திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்துக் கிடப்பவன் நான். ஆறு வருடமாகப் பாலைவனத்தில் இருக்கும் என் ஊருக்குப் போகவில்லை. இங்கே என் பாஷை பேச ஆளில்லை. இந்த மண்ணுக்குரிய, எங்களைப் போலவே பழங்குடிகளான கௌர்னா மக்கள், "உன் ஊர்த் தண்ணிய இங்க வச்சுக்கோ" என்று ஆற்றங்கரைப் பூங்காவில் இடம் கொடுத்தார்கள். எங்கள் பாலைவனத்துச் சுனையின் உருவத்தைச் சிவப்புக் கல்லால் தரையில் பதித்தேன். நான்கு மாத வேலை. ஓரத்தில் பித்தளைப் பலகை, அதில் என் பெயர். ஊருக்குள் என் பெயர் எங்கேயும் எழுதப்பட்டதில்லை. தினமும் போய் விரலால் தடவிப் பார்ப்பேன்.

விழாவுக்கு முந்தைய நாள் மதியம், ஊரிலிருந்து தங்கை தெல்மா போன் செய்தாள்.

"அண்ணே, மாமா போயிட்டாரு."

எனக்கு வைத்திருந்தது அவர் பெயர்தான். இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அதே பெயருள்ளவனையும் அப்படிக் கூப்பிடக் கூடாது; அவனும் குமன்ஜாயி, அதாவது பெயர் சொல்லக் கூடாதவன், ஆகிவிடுவான்.

"இனி நீயும் குமன்ஜாயி. இங்க ஏற்கெனவே நாலு பேரு இருக்காங்க. கூப்பிட்டா நாலும் திரும்புது!" சிரித்தாள். பிறகு அழுதாள். "வரமாட்டியே?"

"மெஷின விட்டுட்டு எப்படிடீ வருவேன்?"

பூங்காவுக்குப் போனேன். மாநகராட்சியில் வேலை பார்க்கும் லொரெய்ன் விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். பலகையை மறைக்கச் சொன்னேன்.

"ஐயோ, இதுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தீங்க! இங்க யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நாளைக்கு நீ மைக்ல சொல்லுவ. என் காதுல விழும்."

"குமன்ஜாயின்னு பொறிச்சுடட்டா?"

"ஒரு வருசமோ ரெண்டு வருசமோ கழிச்சு என் பேரு எனக்குத் திரும்பக் கிடைக்கும். பொறிச்சா அழியுமா?"

அவள் பழுப்பு ஒட்டுநாடாவைக் கொடுத்தாள். நானே ஒட்டினேன். நகத்தால் ஓரம் அழுத்தினேன். அன்று ஊரில் எல்லோரும் கூடி அழுதிருப்பார்கள். நான் கல்மேல் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்தார்கள். "இதைச் செஞ்சவர்" என்றுதான் லொரெய்ன் மைக்கில் சொன்னாள். கை தட்டினார்கள். பதினொன்றரைக்கு மருத்துவமனை போனேன். நர்ஸ் பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். எழுந்து போய்ப் படுத்தேன்.